ட்யூப்லைட் சோக்கில் குடியிருந்த ஆவி: ஓர் ஒலிக்கதையின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது நாற்பது நிமிட ஒலிக்கதை ஒன்று. பேய் வீட்டில் நடக்கும் அறிவியல் புனைகதை, களம் மயிலாப்பூர். எழுத்து நேர்த்தியானது. நடித்தவர்கள் மேடை நாடகத்தில் ஊறியவர்கள். அப்படியிருந்தும் கேட்டவர்கள் பயப்படவில்லை. கதையைத் தயாரித்த செயலி நிறுவனம் முதல் பதிப்பைச் சோதனைக்காகச் சிலருக்குப் போட்டுக் காட்டியபோது, ஆவி பேசுகிற இடத்தில் சிரிப்பு எழுந்ததாம். அதன் பிறகுதான் ஒலித்தொகுப்பை அடியிலிருந்து மறுபடி செய்யும் வேலை எங்கள் சிறு குழுவிடம் வந்தது.

பயம் ஏன் வரவில்லை, எதைச் செய்ததும் வந்தது என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். தமிழில் ஒலிக்கதைகள் பெருகிக்கொண்டிருக்கும் நேரம் இது. பேய்க்கதை என்றதும் எல்லோரும் ஒரே இரவல் ஒலிப்பெட்டியைத் திறக்கிறார்கள் என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம் தருகிறது.

கதையும் அதன் அறிவியலும்

ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கும் ஓர் இளம்பெண், இடிக்கப்படவிருக்கும் தன் பூர்விக வீட்டின் ஒலிகளை நினைவுக்காகப் பதிவுசெய்ய இரவில் தனியாக வருகிறாள். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை இரவில் அவளுடைய அத்தை அந்த வீட்டின் கூடத்தில் இறந்துகிடந்தாள். எதையோ கேட்டுப் பயந்துதான் உயிர் போயிற்று என்று குடும்பத்தில் பேச்சு. பெண் தன் பதிவை ஹெட்போனில் போட்டுக் கேட்கிறாள். ட்யூப்லைட் சோக்கின், அதாவது விளக்குக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுருளின், ரீங்காரத்துக்கு அடியில் இன்னொரு ரீங்காரம் கேட்கிறது. அது இன்றைய மின்சாரத்தின் ஒலி இல்லை.

இதில் உள்ள அறிவியல் உண்மையானது. நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்று புத்தகத்தில் இருக்கும். நடைமுறையில் அது ஒரு நிமிடம்கூட அசையாமல் நிற்பதில்லை. ஊர் முழுக்க ஏசி ஓடித் தேவை கூடினால் இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். ஒரே மின் தொகுப்பில் (கிரிட்) இணைந்த எல்லா ஊர்களிலும் ஒரே நொடியில் ஒரே ஏற்ற இறக்கம்தான். மின்சாரம் ஓடும் அறையில் செய்த ஒலிப்பதிவில் இந்த அசைவு பெரும்பாலும் மெல்லிய இரைச்சலாகப் படிந்துவிடும். அதைப் பிரித்தெடுத்து, சேமித்து வைத்திருக்கும் அதிர்வெண் பதிவுகளோடு ஒப்பிட்டால் பதிவு எப்போது நடந்தது என்று சொல்ல முடியும். ருமேனியாவின் கேட்டலின் கிரிகோராஸ் முன்னோடியாக நின்று வளர்த்த இந்த முறை, தடயவியல் ஆய்வில் இன்று பயன்பாட்டில் இருக்கிறது.

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்ததுதான் கதாசிரியரின் கெட்டிக்காரத்தனம். 2013 டிசம்பர் 31 வரை தென் மாநிலங்களின் மின் தொகுப்பு தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 2012 ஜூலை இறுதியில் வட, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்கள் இருளில் மூழ்கியபோதும் நம் தொகுப்பு விழாமல் நின்றதற்கு அதுவே காரணம். ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வந்த பிறகுதான் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணுக்கு வந்தது. இன்றைக்கு 49.90 முதல் 50.05 வரை என்பது விதிமுறை. பழைய தெற்குத் தொகுப்பில், மின்பற்றாக்குறை நிலவிய கோடைக்காலத்தில், 49.4 என்பது வெகு சாதாரணம். ஆக, பெண்ணின் பதிவில் 49.4ஐ ஒட்டியே அலையும் ரீங்காரம் இன்றிரவுக்குச் சொந்தமாக இருக்க வழியில்லை. அந்தக் கூடத்தில் பழைய ஆண்டு ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடைசியில் அவள் பியூஸ் கட்டையைப் பிடுங்குகிறாள். இன்றைய ரீங்காரம் நின்றுபோகிறது, பழையது நிற்கவில்லை. அப்போது அத்தையின் குரல் கேட்கிறது: “கூடத்தில் யார்?” அன்று அத்தை கேட்டுப் பயந்தது இவளைத்தான். அந்த வீட்டின் ஆவி, எதிர்காலத்திலிருந்து வந்த மருமகள். எழுத்தில் படித்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது.

முதல் பதிப்பில் கேட்டவை

தொடக்கத்திலேயே அலறல். கேட்பவர் நழுவிவிடக்கூடாது என்பதற்காக முதல் அரை நிமிடத்துக்குள் அலறல் வைப்பது அந்த நிறுவனத்தின் எழுதாத விதி. பிறகு ஓநாய் ஊளை, இடி, கதவு கிறீச்சிடும் ஒலி, கொலுசு, ஒரு பெண்ணின் நீண்ட சிரிப்பு. எல்லாவற்றுக்கும் அடியில் இடைவிடாத இசை.

மயிலாப்பூரில் ஓநாய் எங்கிருந்து வரும்? கதவுக்கும் அதே கதிதான். பழைய வீடுகளில் இருப்பது குடுமிக் கதவு. கீல் இல்லாமல் மேலும் கீழும் குழியில் நின்று சுழலும். அது கிறீச்சிடுவதில்லை, மரம் கல்லில் அரைபட, அடித்தொண்டையில் முனகுவதுபோல் திறக்கும். பிறகு நாதாங்கி ஒருமுறை ஆடி விழும். அந்த ஒலியோடு வளர்ந்த காது, கூலிக்கு எடுத்த கீல் கதவை ஒரு நொடியில் கண்டுகொள்ளும். வீடு பொய் என்று தெரிந்த பிறகு அதில் குடியிருக்கும் ஆவியை யார் நம்புவார்கள்?

சென்னைக்குக் கேட்கும் கலை புதிதும் இல்லை. 1924இல் கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நடத்திய வானொலிக் கழகம் இங்கேதான் ஒலிபரப்பியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. ஒலிச்சித்திரத்துக்காக ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் இன்று காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போகிறார்கள். இவர்களுக்குப் படம் காட்ட அலறல் தேவையில்லை.

இன்னொரு யோசனையும் நிறுவனத் தரப்பிலிருந்து வந்தது. காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் ஒலியைக் கதைக்கு அடியில் ஓடவிட்டால் கேட்பவர்களுக்குத் தன்னால் நடுக்கம் வரும் என்றார்கள். இதன் மூலம் விக் டாண்டி என்ற பொறியாளர் 1998இல் வெளியிட்ட கட்டுரை. இங்கிலாந்தில் அவர் வேலை பார்த்த ஆய்வகத்தில் பலருக்குக் காரணமில்லாத கலக்கம் இருந்தது. அவருக்கே ஓரக்கண்ணில் சாம்பல்நிற உருவம் தெரிந்தது. மறுநாள் இடுக்கியில் பொருத்திய வாள்வீச்சுக் கத்தி தானாக அதிரவே, தேடிப்போனவர் புதிதாக மாட்டிய வெளியேற்றும் விசிறியைக் கண்டுபிடித்தார். சுமார் முப்பதடி நீள அறையில் 19 ஹெர்ட்ஸ் அளவில் நிலை அலை, அதாவது சுவர்களுக்கிடையே நகராமல் ஓரிடத்திலேயே அதிரும் ஒலி, நின்றிருந்தது. நாங்கள் பதிவுக்கு எடுத்த கூடமும் ஏறக்குறைய முப்பதடிதான் என்றதும் தயாரிப்பாளருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

நான் மறுத்துவிட்டேன். கைபேசியின் ஒலிபெருக்கியால் அந்த ஒலியை எழுப்பவே முடியாது. லண்டன் கோல்டுஸ்மித்ஸ் கல்லூரிக் குழுவினர் இதற்கென்றே ஓர் அறை அமைத்து, தாழ் ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். மக்களுக்கு விசித்திர உணர்வுகள் வந்தன. அவை ஒலி இருந்ததா இல்லையா என்பதோடு பொருந்தவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கேட்பவருக்குத் தெரியாமல் அவர் உடம்பில் கைவைப்பது எனக்குச் சம்மதமில்லை. கதை பயமுறுத்தட்டும்.

வீட்டைக் கேட்டல்

மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், உண்மையிலேயே இடிபடக் காத்திருந்த வீடு கிடைத்தது. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்கட்டு. கூடத்துக்கு மெட்ராஸ் தளம்: தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குறுக்காக நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டது. சுவரில் வழவழப்பான சுண்ணப் பூச்சு. தரை சிவப்பு ஆக்சைடு. சாமான்கள் எல்லாம் போய்விட்டதால் இருமினால் வீடே திரும்பி இருமியது.

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து முதுமை எய்திய மாமி சாவியோடு வந்திருந்தார். “மாமி, இந்த வீட்டில் எந்தச் சத்தத்துக்குப் பயந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டேன். “சத்தத்துக்கு எதற்குப் பயம்? இருக்கிற சத்தம் நின்றால்தான் பயம்” என்றார். எங்கள் ஒலித்தொகுப்பு முழுவதும் அந்த ஒரு பதிலின் மேல்தான் நிற்கிறது. மோட்டார் நிற்கும்போது, மின்விசிறி நிற்கும்போது, பக்கத்து வீட்டு டிவி அணையும்போதுதான் மனிதர் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.

மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி, தண்ணீர் லாரி, நாய்கள், விடிகாலைக் கோயில் மணி எல்லாம் போக நள்ளிரவு தாண்டிய சில மணி நேரம்தான் பதிவுக்கு உதவியது. பின்கட்டின் ஓட்டுக்கூரையில் மரநாய் ஓடுவது மனிதக் காலடி போலவே கேட்டது. அதைக் கதையின் முதல் அதிர்ச்சிக்கு அப்படியே எடுத்துக்கொண்டோம். கேட்பவர் திடுக்கிடுவார், மரநாய் என்று தெரிந்ததும் ஆசுவாசப்படுவார், இனி எதற்கும் பயமில்லை என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்புதான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

பல்லியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஒருவர் பேசி முடித்ததும் பல்லி சொன்னால் அது மெய் என்று நம் வீடுகளில் வழக்கு. பெண் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொள்ளும் இடத்தில், “இங்கே யாரும் இல்லை” என்கிறாள். அதன் பின் சில நொடி மௌனம். பல்லி சொல்லவில்லை. கதையின் பிற்பகுதியில், பதிவுக்குள்ளிருந்து அத்தையின் குரல் மங்கலாக, “வீட்டில் யாரோ இருக்கிறார்கள்” என்கிறது. உடனே பல்லி மூன்று முறை சொல்கிறது. விளக்கம் எதுவும் கிடையாது. தமிழ்க் காதுக்கு இது போதும் என்று நான் உறுதியாக நம்பினேன்.

இரண்டு குரல்கள், ஒரே கூடம்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது. பெண்ணாக நடித்தவரை வடபழனியில் எதிரொலி இல்லாத ஸ்டுடியோவில் பதிவுசெய்தோம். பிறகு அந்தக் குரலுக்குக் கூடத்தின் எதிரொலியைக் கணினியில் ஏற்ற வேண்டும். அதற்குக் கூடத்தின் நடுவில் பெரிய பலூனை வெடித்து, அந்த ஒரு வெடிப்பு சுவரிலும் தளத்திலும் பட்டுத் தேய்ந்து அடங்கும்வரை பதிவுசெய்தோம். அந்தத் தேய்மானம்தான் அறையின் கைரேகை. அதை எந்தக் குரலோடு சேர்த்தாலும் குரல் அந்த அறைக்குள் போய் நின்றுவிடும்.

முதல் பதிப்பில் ஆவியின் குரலுக்குக் குகைபோல் எதிரொலி கொடுத்து, வாழும் பெண்ணின் குரலைத் துல்லியமாக வைத்திருந்தார்கள். பழக்கம் அப்படி. ஆனால் இந்தக் கதையின் தர்க்கம் அதற்கு நேர்மாறு. பெண் நிற்பது இன்றைய காலிக் கூடத்தில். அத்தை நின்றது ஊஞ்சலும் பாயும் மெத்தையும் கொடியில் துணியுமாக நிறைந்திருந்த கூடத்தில். சாமான் நிறைந்த அறை ஒலியை விழுங்கும். ஆகவே எதிரொலிக்க வேண்டியது பெண்ணின் குரல். அத்தையின் குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இதமாக இருக்க வேண்டும்.

அத்தையாக நடித்த மூத்த கலைஞரை அந்த வீட்டுக்கே அழைத்து வந்தோம். கூடத்தில் ஜமக்காளம் விரித்து, சுவரோரம் மெத்தைகளைச் சாய்த்து, குறுக்கே கயிறு கட்டிப் புடவைகளைத் தொங்கவிட்டோம். அவர் சமையலறை வாசற்படியில் நின்று, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே, “கூடத்தில் யார்?” என்றார். குரலை நடுங்கவைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். விருந்தாளி வந்தால் கேட்கிற அதே தொனி. தொகுப்பில் இந்தக் குரலையும் பெண்ணின் வெறுமை எதிரொலிக்கும் குரலையும் அடுத்தடுத்து வைத்தபோது, யார் உயிரோடு இருப்பவர் என்பது தலைகீழாகிவிட்டது. கதை இறுதியில் சொல்லப்போவதைக் காது முன்கூட்டியே சந்தேகிக்கத் தொடங்கியது.

ரீங்காரம்

பழைய இரும்புச் சோக், மின்சாரத்தின் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்கில் இரையும். அதாவது 100 ஹெர்ட்ஸ். பழைய தொகுப்பின் 49.4க்கு அது 98.8. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் பள்ளி இயற்பியலில் விம்மல் என்று படித்தது நிகழும்: நொடிக்கு 1.2 முறை ஒலி ஏறி இறங்கும். நிமிடத்துக்கு 72. இதயத் துடிப்பின் கணக்கு.

இது தற்செயலாக வாய்க்கவில்லை. கதையில் முதலில் 48.6 என்று இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்து 49.4 என்று மாற்றும்படி எழுத்தாளரிடம் கேட்டோம், மகிழ்ச்சியோடு சம்மதித்தார். பழைய ரீங்காரத்துக்குத் தனி ஒலி எதையும் தேடவில்லை. மைக்கைச் சோக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பதிவுசெய்ததையே 1.2 சதவீதம் மெதுவாக ஓடவிட்டோம். அதுவும் ஒரே அளவில் நிற்காமல் லேசாக அலையும்படி செய்தோம், ஏனெனில் உண்மையான தொகுப்பு அப்படித்தான் அலையும். விளைவாக, துடிப்பு கடிகாரம்போல் இல்லாமல் உயிருள்ளதுபோல் வந்தது.

கைபேசி ஒரு தடை. அதன் சிறு ஒலிபெருக்கியில் 100 ஹெர்ட்ஸ் உருப்படியாகக் கேட்காது. அதனால் 300, 400 அளவில் இருந்த மேல் ஒலிகளுக்கும் அதே 72 துடிப்பைக் கையால் கொடுத்தோம். இயற்பியல்படி அவை வேறு வேகத்தில் விம்ம வேண்டும். இந்த ஓரிடத்தில் கதைக்காக அறிவியலை வளைத்தோம், அது தெரிந்தே செய்தது. ஒரு காதில் மட்டும் ஹெட்போன் மாட்டிக் கேட்பவர்களும் உண்டு என்பதால் முக்கியமான எதையும் ஒரே பக்கத்தில் வைக்கவில்லை.

மின் தொகுப்பு விளக்கம் முதல் பதிப்பில் ஒரு சொற்பொழிவாக நீண்டிருந்தது. அதை வெட்டி, மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற சித்தப்பாவுக்கு ஒரு தொலைபேசி உரையாடலாக்கினோம். பெண் பதிவைப் போட்டுக் காட்டுகிறாள். அவர் நெடுநேரம் கேட்டுவிட்டு, “இது இன்றைய மின்சாரம் இல்லை, அம்மா. தெற்கு தனியாக ஓடிய காலத்துடையது” என்கிறார். இசைக் கச்சேரிகளில் சுருதி பிசகுவதைக் கேட்டுப் பழகிய ஊரில், ஒரு கிழவர் ரீங்காரத்தைக் கொண்டே காலத்தைச் சொல்வதில் நம்பமுடியாதது எதுவும் இல்லை.

பியூஸைப் பிடுங்கும் இடம் எளிதாகவே அமைந்தது. இன்றைய ஒலி நின்றதும் விம்மலும் நின்றுவிடும். இரண்டு இருந்தால்தானே விம்மல். ஆக, அதுவரை கேட்பவர் தன்னை அறியாமல் பழகிப்போயிருந்த இதயத் துடிப்பு அந்தக் கணம் நின்றுபோகிறது. பழைய ரீங்காரம் மட்டும் சலனமில்லாமல் நீள்கிறது. மாமி சொன்னது அதுதான். இசை இல்லை, அலறல் இல்லை. பிறகு அத்தையின் குரல்.

கேட்டவர்கள்

மந்தைவெளியில் நண்பர் வீட்டு மொட்டைமாடி அறையில், புதிய பதிப்பைச் சிலருக்குப் போட்டுக் காட்டினோம். பல்லி சொன்ன இடத்தில் ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்துக்கொண்டார். பியூஸ் பிடுங்கிய பின் யாரும் அசையவில்லை. முடிந்ததும் ஓர் இளைஞர், கதையைப் பற்றி எதுவும் பேசாமல், கீழ்த்தளத்தில் ஏதோ இரைகிறதே, அது என்ன என்று கேட்டார். கீழே இருந்தது குளிர்பதனப் பெட்டி. அவர் வந்ததிலிருந்து அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருவர் மட்டும் தொடக்கம் மெதுவாகப் போகிறது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் முற்றத்துக் காட்சியைக் குறைத்தோம்.

நிறுவனத்தோடு இழுபறி வந்தது விளம்பரத்தால். கதையைப் பகுதிகளாக உடைத்தபோது பியூஸுக்கும் அத்தையின் குரலுக்கும் நடுவில் விளம்பரம் விழுந்தது. எழுத்தாளரும் நாங்களும் சேர்ந்து வாதாடி, அதைச் சித்தப்பாவின் தொலைபேசி உரையாடலுக்கு முன்னால் நகர்த்தினோம். தாழ்ந்த ஒலிகளைத் தானாக உயர்த்திச் சமன்செய்யும் அவர்களின் ஏற்பாடு விம்மலையே தட்டையாக்கியது. அதையும் இந்த ஒரு கதைக்கு மட்டும் குறைத்துவைக்கச் சம்மதித்தார்கள். தொடக்க அலறல் போயிற்று. கதை இப்போது குடுமிக் கதவு திறப்பதில் தொடங்குகிறது.

நம் கட்டுப்பாட்டில் இல்லாதது ஒன்று உண்டு. செயலியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் கதை கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வேகத்தில் 72 துடிப்பு 108 ஆகிவிடும். பயந்த நெஞ்சு அடித்துக்கொள்வதும் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் என்பதால், அதை மாற்ற வழி தேடவில்லை.